மூச்சை இழுத்து விடுங்கள், கிலோ குறையக் கூடாது

கண்டியைச் சுற்றியுள்ள ஆயுர்வேத விடுதிகளில் இப்போது அட்டைக்கு மரியாதை கூடிவிட்டது. கண்ணாடிக் குடுவையில் வாசம், மஞ்சள் தண்ணீரில் குளியல், வெள்ளைச் சீருடைக்காரியின் இரு விரலுக்கிடையே பவனி. கடல் தாண்டி வந்த துரைசாணி முழங்காலை நீட்டிப் படுத்திருக்கிறார். அட்டை கெட்ட இரத்தத்தை மட்டும் பார்த்துக் குடிக்குமாம், நல்ல இரத்தத்தை வாயில் வைக்காதாம். நாட்டில் இவ்வளவு விவேகம் உள்ள ஜீவன் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. நட்சத்திர விடுதியென்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் போகும் காசு, கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் வாரக் கூலியை அநேகமாகத் தாண்டிவிடும்.

இந்த அட்டை விஷயத்தில் புசல்லாவைத் தேயிலை மலைக்காரர்களுக்கு நியாயமான ஒரு மனக்குறை உண்டு. எங்கள் மலைகளில் இரத்தம் குடிப்பது தண்ணீர் அட்டையல்ல, நில அட்டை. விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் ஹீமாடிப்ஸா ஸெய்லானிகா. பெயரிலேயே சிலோன் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்கள் ஆக்கியபோது, அவர்கள் காலில் தொங்கிய அட்டை மட்டும் சந்தேகத்துக்கிடமில்லாத இலங்கைப் பிரஜையாக இருந்தது. அதற்கு யாரும் விண்ணப்பப் படிவம் நீட்டவில்லை, எந்தக் கப்பலிலும் ஏற்றி அனுப்பவில்லை. இன்றைக்கும் மழைக்காலத்தில் சவுக்காரமும் எலுமிச்சம்பழமும் உப்பும் பூசிய கால்களில் அது தன் குடியுரிமையை நிலைநாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே மலையில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பிராணிகளில் ஒன்று சிகிச்சையாளர், மற்றது தொல்லை. வித்தியாசம் பிராணியில் இல்லை, காலில் இருக்கிறது.

அட்டையோடு முடிந்தால் பரவாயில்லை. வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் பூமியின் சக்தி உடம்புக்குள் ஏறுமாம். அதற்கு 'கிரவுண்டிங்' என்று பெயர். மரங்களுக்கிடையே சும்மா நடப்பது காட்டுக் குளியல். 1982இல் யப்பானின் வனத்துறை 'ஷின்ரின் யோகு' என்று பெயர் சூட்டி உலகத்துக்குத் தந்தது. விடியற்காலையில் எலும்பு நடுங்கும் குளிர்ந்த நீரில் இறங்குவது மன உறுதிக்கு. நெற்றியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழ அசையாமல் கிடப்பது சிரோதாரா, தூக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும். கைபேசி வேலை செய்யாத இடத்தில் இரண்டு நாள் கிடப்பது இன்னொரு வைத்தியம். அதற்குக் கட்டணம் தனி. காலையில் ஒன்றும் சாப்பிடாமலிருப்பது இன்னும் உயர்ந்த வைத்தியம். அதற்கு வழிகாட்ட ஒரு நிபுணர் பக்கத்திலேயே நிற்பார்.

இதில் எங்களுக்குக் கிடைக்காதது எது? எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கூரைத் தகரத்தில் துருவேறிய ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு சிரோதாரா. எண்ணெய்க்குப் பதில் மழைத்தண்ணீர், அவ்வளவுதான் குறை. பீலியில் வரும் நீருக்கு எந்த விடுதியின் குளிர்நீர்த் தொட்டியும் கிட்ட நிற்க முடியாது. வெறுங்கால் உண்டு, மரம் உண்டு, கைபேசிக்குச் சிக்னல் இல்லாத மேமலை உண்டு. ரொட்டித் துண்டைத் தின்று சாயத்தண்ணி குடித்துவிட்டுப் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, ஓடுகிறவளுக்கு உபவாசம் சொல்லித்தர நிபுணர் தேவையில்லை. இத்தனை சிகிச்சையையும் தலைமுறை தலைமுறையாக, ஒரு நாள் தவறாமல், இலவசமாக எடுத்துக்கொண்ட சனம் இந்நேரம் சிரஞ்சீவிகளாகியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீடு வேறு கதை சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். காட்டுக் குளியல் எங்கோ சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஆரோக்கியம் தேடி மலையேறுவது இந்தப் பாதைக்குப் புதிதல்ல. 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவைக் காய்ச்சல் கண்ட வெள்ளைச் சிப்பாய்களின் உடல்தேற்று நிலையமாக்கினார். கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக அங்கே போகும் மலைப்பாதையை நாம் பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டு கடக்கிறோம். அது தொடக்க காலத்திலேயே அடுத்தவன் உடம்பு தேறப் போன பாதை. 1841இல் மொறிஸ் டி வோர்ம்ஸ் சீனத்திலிருந்து கொண்டுவந்த தேயிலையை நட்டதும் புசல்லாவையில்தான். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வியாபாரப் பயிராக்கியதற்கு இருபத்தாறு வருஷம் முந்தி. வோர்ம்ஸ் சகோதரர்கள் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் மருமக்கள். அதனால் தோட்டத்துக்கு மாமன் வீட்டுப் பெயர். ஐரோப்பாவின் பெரும் பணக்காரர் பெயரைத் தாங்கிய மலையில் உலகத்தின் மிகக் குறைந்த கூலிகளில் ஒன்றுக்குக் கொழுந்தெடுத்தோம் என்பது எங்களுக்கு வாய்த்த நகைச்சுவை. அந்தக் காலத்துத் துரை பங்களாக்கள் மலைநாடெங்கும் விடுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. சன்னலைத் திறந்தால் பச்சை மலை, பச்சையில் வண்ணப் புள்ளிகளாகப் பெண்கள். வண்ணப் புள்ளிக்கு இடுப்பு வலி இருக்குமென்று எந்த விருந்தினருக்குத் தோன்றும்?

உலகம் சுகவாழ்வுக்காகச் செலவிடும் பணம் 2023இல் 6.3 டிரில்லியன் அமெரிக்க டொலர் என்று அந்தத் துறையின் சொந்தக் கணக்கெடுப்பு நிறுவனமே பெருமையோடு சொல்கிறது. அவ்வளவு பணம் புரளும் இடத்தில் எல்லாமே புரட்டாகவும் இருக்க முடியாது. யோகாசனம் நாள்பட்ட முதுகுவலியைக் கொஞ்சம் குறைக்கும். தியானம் பதற்றத்தை ஓரளவு தணிக்கும். இவற்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் காய்ச்சிய கொத்தமல்லித் தண்ணீரையும், காம்பராவுக்குக் காம்பரா கைமாறும் சித்தாலேபக் குப்பியையும் நான் பழிக்கமாட்டேன். உள்ளங்கையில் சக்தி பாய்கிறது, உடம்பைத் தொடாமலே நோயை உணர்கிறோம் என்பவர்களையும் சோதித்தார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த அந்தச் சோதனையை நடத்தியவள் எமிலி ரோசா. சோதனை செய்தபோது அவளுக்கு ஒன்பது வயது. மறைப்புத் திரைக்கு மறுபுறம் கையை நீட்டச் சொல்லி, என் கை உங்கள் எந்தக் கைக்கு மேலே இருக்கிறது என்று கேட்டாள். 21 சிகிச்சையாளர்கள், 280 தடவை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் ஐம்பதாவது தேறியிருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டாள். தொடாமல் குணப்படுத்துகிறவர்கள் அதே இடத்தில் அப்படியே நிற்கிறார்கள், கட்டணம் மட்டும் வளர்ந்திருக்கிறது.

என் கோபம் புரட்டின் மேல்கூட அவ்வளவில்லை. புரட்டு தோட்டத்துக்குப் பழக்கமானது. எங்களுக்கும் மனவைத்தியர் இருந்தார். கோடாங்கி என்று பெயர். ராத்திரி உடுக்கோடு லயத்துக்கு வருவார். சேவல், சாராயப் போத்தல், வெற்றிலை, எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கிவைக்கச் சொல்வார். விடிய விடிய அடித்துப் பாடி, பிடித்திருப்பது எந்த முனி, எந்த ஆற்றங்கரையில் எந்த மத்தியான வேளையில் பிடித்தது என்று கண்டுபிடிப்பார். அதற்குள் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் கடன் திருப்பிக் கொடுக்கப்படவில்லை, எந்தப் பிள்ளை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். பக்கத்துக் காம்பராக்காரர்களும் தூங்காமல் கூட உட்கார்ந்திருப்பார்கள். காலையில் நோய் போகாது, பல தடவை. சேவல் கட்டாயம் போய்விடும். காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடாமல் தாமதித்து ஆளையே தொலைத்த கதைகளும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த மனிதன் ஒரு நாளும் நோயாளியைப் பார்த்து, 'எல்லாம் உன் மனசில்தான் இருக்கு' என்று சொன்னதில்லை. குற்றத்தை முனியின் தலையில் போட்டார். பிடித்தது வெளியே இருந்து வந்தது, உன் மேல் பிழையில்லை, ஊர் கூடி விரட்டுவோம் என்றார்.

சான்றிதழ் மாட்டிய புதுக் கோடாங்கிகள் முனியை ஒழித்துவிட்டார்கள். இவர்கள் அகராதியில் வெளியே ஒன்றுமில்லை. முதுகு வலித்தால் நீ மன்னிக்காத யாரோ முதுகில் உட்கார்ந்திருக்கிறார். மூட்டு வலித்தால் மாற்றத்துக்கு நீ வளைந்துகொடுக்கவில்லை. காசில்லையென்றால் செல்வத்தை ஈர்க்கும் அதிர்வு உன்னிடம் இல்லை. எட்டு மணி நேரம் சரிவில் நின்று, நெற்றியில் கயிறு அழுந்த இருபது கிலோ கூடையைச் சுமப்பதால் கழுத்து வலிக்கலாம் என்பது மட்டும் இவர்களுக்கு ஞானத்திலும் தோன்றாது, தியானத்திலும் தோன்றாது. கொழுந்து நிறுக்கையில் தண்ணிக்கு, சாக்குக்கு என்று கழிக்கும் கிலோக்களை எந்தச் சக்கரத்தில் சேர்ப்பது? மூலாதாரத்திலா, மணிபூரகத்திலா?

இந்த வியாதி நாட்டின் உச்சந்தலைக்கும் ஏறியது, நாமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். 2020 நவம்பரில் கொவிட்டை விரட்டச் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி மந்திரித்த பானைகளை ஆற்றில் போட்டார். யோசனை சொன்னவர் எலியந்த வைட், சச்சின் டெண்டுல்கருக்கு வைத்தியம் பார்த்தவர் என்று பேர் பெற்ற அதிசய சிகிச்சையாளர். அடுத்த மாதம் கேகாலை ஹெட்டிமுல்லையில் தம்மிக்க பண்டாரவின் பாணி வந்தது. காளி அம்மன் சொல்லிக்கொடுத்தாளாம். தேனும் சாதிக்காயும் சேர்ந்த மருந்தாம். ஒருமுறை குடித்தால் ஆயுள் முழுக்கக் கொவிட் அண்டாதாம். கூட்டம் கூட வேண்டாமென்று அரசாங்கமே சொல்லியிருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான சனம் அந்தக் கிராமத்தில் முண்டியடித்தது. அமைச்சர் எல்லார் முன்னாலும் பாணியைக் குடித்துக் காட்டினார். 2021 சனவரியில் அவருக்கே கொவிட் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தேறி, வீடு வந்தார். பானை யோசனைக்காரர் அந்த செப்டம்பரில் கொவிட்டால் இறந்துபோனார். இறந்தவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. சுகாதார அமைச்சு என்று பலகை மாட்டிய கட்டடத்தைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது, அதுவும் வாய்விட்டு அல்ல. அந்த மாதங்களில் தேயிலை அத்தியாவசியத் தொழில். ஊரடங்கு எல்லாருக்கும், பெரட்டு எங்களுக்கு. அமைச்சர் குடித்த பாணியில் ஒரு கரண்டிகூட மலைக்கு வரவில்லை என்பது ஒன்றுதான் அந்தக் காலத்தில் எங்களுக்கு அரசு செய்த சகாயம்.

பானையும் பாணியும் போதாதென்று அப்போதைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டுக்கே 'டீடாக்ஸ்' செய்தார். 2021இல் ஒரே இரவில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நஞ்சில்லாத உணவு, ஆரோக்கியமான சந்ததி, இயற்கையோடு இசைந்த தேசம் என்று சுகவாழ்வு விடுதியின் விளம்பரத் தாளை அப்படியே வர்த்தமானியில் அச்சடித்தார்கள். நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். தேயிலைச் செடிக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. 2021இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. மலையில் அந்தப் புள்ளிவிபரத்துக்கு அர்த்தம் வேறு. கொழுந்து இல்லையென்றால் கிலோ இல்லை. கிலோ இல்லையென்றால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். நாட்டின் உடம்பிலிருந்து நஞ்சு இறங்கியதோ இல்லையோ, கொழுந்தெடுக்கிறவளின் செக்ரோலிலிருந்து, அந்தச் சம்பள ஏட்டிலிருந்து, பேர் இறங்கியது. உரத் தடைக்கு முந்திய 2021 மார்ச்சில்தான் நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று சம்பளச் சபை தீர்மானித்திருந்தது. கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றப் படியேறியிருந்தன. 2024இல் 1700 ரூபாய் என்று வந்த வர்த்தமானியை நிறுத்தவும் நீதிமன்றம் போனார்கள், நிறுத்தினார்கள், அந்த வருஷம் 1350இல் வந்து நின்றது. கம்பனிகளுக்கு இந்த மன அழுத்தத்துக்கெல்லாம் மூச்சுப் பயிற்சி தேவைப்படவில்லை. வழக்கறிஞர் போதுமாயிருந்தது.

இலங்கையில் மனத்துயரத்துக்கு எதிராக நடந்த மிகப் பெரிய சிகிச்சை எது தெரியுமா? அதைச் செய்தவர் யாரும் காவி உடுத்தவில்லை, கண்ணை மூடவில்லை, ஊதுபத்தி கொளுத்தவில்லை. 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று. அதில் பெரும்பகுதி பூச்சிமருந்து. அந்த வருஷம் மிகக் கொடிய மருந்துகளை நிறுத்தினார்கள். 1998இல் எண்டோசல்பான் போனது. 2008 முதல் 2011 வரை பரகுவாட் உட்பட மூன்று மருந்துகளைப் படிப்படியாக எடுத்தார்கள். தேயிலை மலையில் புல்லுக்கு அடித்த பரகுவாட்தான், லயத்து மூலையில் போத்தலோடு நின்றதுதான். இருபது வருஷத்துக்குள் சாவு எழுபது சதவீதம் அளவுக்குக் குறைந்தது. கவனிக்க வேண்டியது இது: சனத்தின் துக்கம் அவ்வளவு குறையவில்லை. நஞ்சு குடித்து ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை அந்த வேகத்தில் இறங்கவில்லை. வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள், அதுதான் வித்தியாசம். ஒரு பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகம், சில பேராசிரியர்கள், சில கையொப்பங்கள். எத்தனையோ ஆயிரம் உயிர். அவர்களில் ஒருவர் பெயரையாவது எந்தச் சுகவாழ்வு விடுதியின் சுவரிலாவது பார்த்தீர்களா? அங்கே தொங்குவது புத்தர் தலை, அதுவும் கழுத்துக்குக் கீழே இல்லாமல்.

2025 நவம்பரில் தித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு, மழை வலுத்தால் தூங்காத பிள்ளைகள் மலை முழுக்க இருக்கிறார்கள். பேசிக் கேட்டு, பக்கத்திலிருந்து தைரியம் சொல்ல ஆள் வேண்டியதுதான். அந்த வேலையை மனசாரச் செய்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் லயத்துக்குப் பின்னால் சரிவு அப்படியே நிற்கையில், 'பாதுகாப்பாக உணருங்கள்' என்று பிள்ளையிடம் சொல்வது பொய். அந்தப் பிள்ளைக்கு இருப்பது நோயல்ல, கண். வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, ஏழு பேர்ச் காணி என்று தேர்தலுக்குத் தேர்தல் உச்சரிக்கிறார்களே, அந்த மந்திரத்தை ஒரு தடவை உறுதிப்பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேருக்குத் தூக்க மாத்திரை மிச்சம்.

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்மையில் மன அழுத்த முகாமைத்துவப் பட்டறை ஒன்று நடந்தது. பிள்ளைக் காப்பகமான மடுவத்தைக் காலிசெய்து பாய் விரித்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த மிஸ் நல்ல பெண், குரல் தேன். எல்லாரையும் 'அம்மா, அம்மா' என்றுதான் கூப்பிட்டார். கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து, மனசுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார்.

முன்வரிசையிலிருந்த அக்கா கண்ணை மூடவேயில்லை. ஏன் என்று மிஸ் கேட்டார்.

“மூடுனா தூங்கிருவேங்க மிஸ். நாலரைக்கு எந்திரிச்சது.”

எல்லாரும் சிரித்தார்கள், மிஸ்ஸும் சிரித்தார். பிறகு, உங்களுக்கு அழுத்தம் தருவது என்ன, ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்றார். புருசன், பிள்ளை, கடன் என்று ஏதாவது வருமென்று எதிர்பார்த்திருக்க வேண்டும், வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அக்கா சொன்ன சொல் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

“கிலோ.”

மிஸ் கொஞ்சம் நிதானித்தார். “அந்த எண்ணம் வரும்போது, அதை வானத்துல போற ஒரு மேகமா நினைச்சுக்கங்க அம்மா. பிடிச்சு வைக்காதீங்க. அப்படியே போக விட்டுடுங்க.”

“நான் விட்டுருவேங்க மிஸ். கணக்கப்பிள்ளை விடமாட்டாருங்களே.”

மத்தியானம் பட்டறை முடிந்தது. மிஸ் எல்லாருக்கும் ஆளுக்கொரு தேயிலைப் பைக்கட்டு கொடுத்தார்; மன அமைதிக்கு ராத்திரி படுக்குமுன் குடிக்க வேண்டுமாம், செம்பருத்தியும் எலுமிச்சைப்புல்லும் போட்டது. வந்திருந்த அத்தனை பேருக்கும் செக்ரோலில் அரைப்பேர் விழுந்திருந்தது. காலையிலிருந்து இங்கேதானே இருந்தோம், கூப்பிட்டுத்தானே வந்தோம் என்று கேட்டதற்குக் கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்:

“மூச்சுக்கு நிறுவை கெடையாது.”